புகையான் சொல்லிக் கொடுத்த பாடம்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



புகையான் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து வயல் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் புகைந்த மாதிரி காய்ந்து போகும். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த வட்டம் களத்து அகலம் ஆகியிருக்கும். தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, எள்ளைத் தூவின மாதிரி பழுப்புப் பூச்சி அப்பிக் கிடக்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடுகிறோம். ஒரு தடவை அடிக்கிறோம், கேட்கவில்லை என்றால் வேறு மருந்து வாங்கி இன்னொரு தடவை அடிக்கிறோம்.

இந்தச் சின்னப் பூச்சி ஒரு பெரிய தேசத்தையே கலங்க அடித்த கதை ஒன்று உண்டு. இந்தோனேசியா தேசத்துக் கதை. அங்கே மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. மருந்தைக் குறைத்த பிறகு நெல் விளைச்சல் கூடியது. கேட்டால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்த சரித்திரம். அந்தக் கதையில் நம்ம ஊர் நெல்லுக்கும் பங்கு இருக்கிறது.

பழைய பூச்சி, புதிய வேகம்

புகையான் நேற்று வந்த பூச்சி இல்லை. ஜப்பானில் 1732-ஆம் வருஷம் தத்துப்பூச்சிகள் நெல்லை அழித்து, மேற்குப் பகுதி முழுக்கப் பஞ்சம் வந்தது. காற்றிலே ஏறிக் கடல் தாண்டிப் போகிற சக்தி இந்தப் பூச்சிக்கு உண்டு. ஆனால் நம்மைப் போன்ற வெப்ப தேசங்களில் 1970 வரைக்கும் இது ஒரு பெரிய எதிரியாக இருந்ததில்லை. குருத்துப்பூச்சியைப் பற்றிப் பேசுவார்கள், கதிர்நாவாய்ப் பூச்சியைப் பற்றிப் பேசுவார்கள். புகையானை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. அப்புறம் அதற்கு எங்கிருந்து வந்தது அத்தனை பலம்? அதைத் தெரிந்துகொள்ள 1960-களுக்குப் போக வேண்டும்.

அந்த நாளில் ஆசியா முழுவதும் பசி. நம் நாட்டிலும் கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்திருந்த காலம் அது. 1966-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. அதற்குப் பெற்றோர் இரண்டு. ஒன்று 'பெட்டா' என்ற இந்தோனேசிய நெடுநெல். இன்னொன்று தைவான் நாட்டுக் குட்டை நெல். எவ்வளவு உரம் போட்டாலும் சாயாது, பட்டம் பார்க்காமல் விளையும். அதே சமயத்தில் நம் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆடுதுறை 27 பரவியது. திருச்சி வானொலி சொல்லிச் சொல்லிப் பரவிய நெல் என்பதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. வானொலி சொன்னால் விவசாயி செய்வார் என்று நாட்டுக்குக் காட்டியது அந்த நெல்தான்.

இந்தோனேசிய சர்க்கார் விவசாயிகளுக்கு விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கடனாகக் கொடுத்தது. 'உன் வயலில் பூச்சி இருக்கிறதா?' என்று யாரும் கேட்கவில்லை. கடன் வாங்கினால் மருந்தும் கூடவே வரும். 1968-க்குப் பிறகு இரண்டு வருஷம் வெளிநாட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தில் ஜாவா தீவின் வயல்கள் மேல் ஆகாய விமானம் பறந்து மருந்து தெளித்தது. அது 1970-ல் நின்றது. ஆனாலும் மருந்துக்கு மானியம் நிற்கவில்லை. பின்னாளில் மருந்து விலையில் 5-ல் 4 பங்கை சர்க்காரே ஏற்றுக்கொண்டது. 100 ரூபாய்ச் சரக்கு 20 ரூபாய்க்குக் கிடைத்தால் யார்தான் வாங்கி அடிக்க மாட்டார்கள்?

குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பசி பெரிசு. விளைச்சலும் நிஜமாகவே ஏறியது. ஆனால் ஏறிய விளைச்சலோடு வேறொன்றும் ஏறியது.

நம்ம ஊர் நெல் போன பயணம்

1970-களில் புகையான் கிளம்பியது. 1973-74-ல் நம் பக்கத்துக் கேரளத்தில் பெரிய சேதம். இந்தோனேசியாவில் 1976-77-ல் மட்டும் சுமார் 11 லட்சம் ஏக்கர் நெல் பாதிக்கப்பட்டது. 3½ லட்சம் டன்னுக்கு மேல் அரிசி போயிற்று. லட்சக்கணக்கான ஜனங்களுக்கு ஒரு வருஷச் சோறு அது. பூச்சி சாறு உறிஞ்சுவது போதாது என்று, குட்டை நோய் போன்ற நச்சுயிரி நோய்களையும் பயிருக்குப் பயிர் கொண்டுபோய்ச் சேர்த்தது. வெளிநாட்டிலிருந்து அரிசி வாங்குகிற தேசங்களில் இந்தோனேசியா முதல் வரிசைக்கு வந்தது.

விஞ்ஞானிகள் புகையானைத் தாங்குகிற நெல்லைத் தேடினார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? நம்ம ஊர்களில்! 'முட்கோ' என்ற இந்திய ரகம், நம் கோயம்புத்தூர் கோ.22, அம்பாசமுத்திரம் ஏ.எஸ்.டி.7, இவற்றுக்கெல்லாம் புகையானைத் தாங்கும் குணம் பரம்பரையாகவே உண்டு என்று 1971-ல் கண்டு சொன்னார்கள். இலங்கையின் 'ரத்து ஹீனட்டி', கேரளத்துப் பட்டாம்பி ரகங்கள் இவையும் அந்த வரிசையில் சேர்ந்தன.

திருவள்ளூர் பக்கத்தில் திரூர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.கே.எம்.6 உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது பிலிப்பைன்ஸுக்குப் போய், 1969-ல் ஐ.ஆர்.20-க்குப் பெற்றோர் ஆனது. சம்பாவிலும் தாளடியிலும் நம் நாட்டில் வருஷக்கணக்காகக் கொடி கட்டிப் பறந்ததே, அதே ஐ.ஆர்.20தான். 1973-ல் வந்த ஐ.ஆர்.26-க்கும் டி.கே.எம்.6 ஒரு பெற்றோர். இந்த ஐ.ஆர்.26 புகையானைத் தாங்கியது. இந்தோனேசியா அதை அவசர அவசரமாகப் பரப்பியது.

ஆனால் மூன்று நாலு போகம்தான் ஆயிற்று. அந்த நெல்லையும் சாப்பிடப் பழகிய புகையான் பிறந்துவிட்டது. அப்புறம் ஐ.ஆர்.36 வந்தது. அது கொஞ்சம் நீண்ட காலம் தாங்கியது. என்றாலும் விஞ்ஞானிகளுக்கு ஒரு கேள்வி உறுத்தியது. பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். திருடன் ஏன் இத்தனை பெருகினான்?

மருந்து அடித்த வயலில் பூச்சி அதிகம்

1970-களின் கடைசியில் பீட்டர் கென்மோர் என்ற அமெரிக்க இளைஞர் பிலிப்பைன்ஸ் வயல்களில் இறங்கி இதை ஆராய்ந்தார். அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒன்றில் மருந்து அடித்தார், ஒன்றை அடிக்காமல் விட்டார். இரண்டிலும் பூச்சிகளை எண்ணினார். அடிக்காத வயலில் புகையான் வந்தது, இருந்தது, ஆனால் பெருகவில்லை. திரும்பத் திரும்ப மருந்து அடித்த வயலில்தான் பல நூறு மடங்கு பெருகியது.

காரணம் என்ன? அதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. கவனமாகக் கேளுங்கள்.

புகையான் முட்டையை வெளியில் வைப்பதில்லை. இலை உறையைக் கீறி, அதற்குள்ளே செருகி வைக்கிறது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் வைக்கும். நாம் அடிக்கிற மருந்து மேலே இருக்கிற பூச்சியைக் கொல்லும், உள்ளே இருக்கிற முட்டைக்கு எட்டாது. ஏழெட்டு நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வெளியே வருகிறது. சாதாரணமாக அந்தக் குஞ்சுக்கு வெளியே எமன் காத்திருப்பான். தூரிலே ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். பச்சை நிறத்தில் ஒரு சின்ன நாவாய்ப்பூச்சி உண்டு. அது இலை உறைக்குள் மூக்கை விட்டு ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டை வரை உறிஞ்சிவிடும். பொறிவண்டு, ஊசித்தட்டான், தண்ணீர் மேல் ஓடும் பூச்சி எல்லாம் இந்தக் காவல் படையில் சேர்த்தி.

மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்கள். வேலியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டை விரட்டுகிற கதைதான். பொரிந்து வருகிற குஞ்சுக்குப் பயிர் இருக்கிறது, எதிரி இல்லை. சுமார் ஒரு மாதத்துக்குள் அதுவும் வளர்ந்து முட்டை வைக்கிறது. சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. இரண்டாவது தடவை அடிக்கிறோம், கொஞ்ச நஞ்சம் திரும்பிவந்த சிலந்தியும் போகிறது. மூன்றாவது தடவை அடிக்கும்போது வயலே புகையானுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு சர்க்கார் தன் கணக்கைத் திருத்திய வருஷம்

1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு அடைந்துவிட்டதாக அறிவித்தது. 1985-ல் ரோமாபுரியில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் சபையில் அந்நாட்டு ஜனாதிபதி சுஹார்த்தோவுக்குப் பெரிய மரியாதை நடந்தது. அடுத்த வருஷமே ஜாவாவில் புகையான் மறுபடி கிளம்பியது! மானிய மருந்து தாராளமாகக் கிடைத்தது. அடித்தார்கள். அடித்த இடத்தில்தான் அதிகம் காய்ந்தது.

இடா நியோமன் ஓகா என்ற அந்நாட்டுப் பூச்சியியல் அறிஞரும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் வயலில் எண்ணிய கணக்கை சர்க்காரிடம் எடுத்துச் சொன்னார்கள். 1986 நவம்பரில் ஜனாதிபதியின் உத்தரவு வந்தது. நெல்லுக்கு அடிக்கிற மருந்துகளில் 57 பெயர்களில் விற்றவற்றுக்கு ஒரே நாளில் தடை. வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்த மருந்து மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 1989 ஜனவரியில் அடியோடு எடுத்துவிட்டார்கள்.

'ஐயோ, மருந்து இல்லாவிட்டால் நெல் போச்சே!' என்று பயந்தவர்கள் பலர். நடந்தது என்ன? 1986-ல் சுமார் 4 கோடி டன்னாக இருந்த நெல் உற்பத்தி 1990-ல் சுமார் 4½ கோடி டன்னுக்கு ஏறியது. மருந்து குறைந்தது, நெல் குறையவில்லை.

வரப்பு மேல் ஒரு பள்ளிக்கூடம்

உத்தரவு போட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது, பெருமக்களே. 'அடிக்காதே' என்று சொன்னால் விவசாயிக்குப் பயம் போகுமா? பயிர் அவருடையது, கடனும் அவருடையது. அதனால் 1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளிக்கூடம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள்.

அதில் கரும்பலகையும் கிடையாது, வாத்தியார் நாற்காலியும் கிடையாது. ஒரு ஊரில் 25 விவசாயிகள். நட்டதிலிருந்து அறுப்பு நெருங்கும் வரை வாரம் ஒரு நாள் காலையில் வயலில் கூடுவார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து தூர்களை விலக்கிப் பார்ப்பார்கள். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, தூர் எத்தனை, தண்ணீர் எப்படி, இலையின் நிறம் எப்படி என்று எண்ணி, பெரிய காகிதத்தில் பயிரைப் படமாக வரைவார்கள். ஒரு பக்கம் எதிரி, இன்னொரு பக்கம் காவல்காரர்கள். அப்புறம் எல்லோரும் உட்கார்ந்து, 'இந்த வாரம் என்ன செய்யலாம்?' என்று தாங்களே தீர்மானிப்பார்கள். ஒரு புட்டியில் புகையானையும் சிலந்தியையும் போட்டு வைத்து, மறுநாள் யார் மிச்சம் என்று பார்ப்பார்கள். தன் கண்ணால் அதைப் பார்த்தவர் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்பார் அல்லவா?

1990-களின் முடிவுக்குள் ஏறக்குறைய 10 லட்சம் இந்தோனேசிய விவசாயிகள் இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அங்கிருந்து அது வியட்நாம், பிலிப்பைன்ஸ், வங்காள தேசம், நம் இந்தியா என்று பல நாடுகளுக்குப் பரவியது.

1996-ல் ஜாவா வயல்களிலிருந்து இன்னொரு சேதியும் வெளிவந்தது. நட்ட புதிதில் புகையான் வருவதற்கு முன்னாலேயே வயலில் சிலந்தி எப்படி இருக்கிறது? சேற்றில் மக்கும் தழையும் சாணமும் தின்று வளர்கிற சின்னச் சின்னக் கொசுவினப் பூச்சிகளை அது சாப்பிட்டு உயிர் வாழ்கிறது. ஆக, நீங்கள் மிதித்துவிடுகிற தக்கைப்பூண்டும் கொழிஞ்சியும் பயிருக்கு மட்டும் சோறு போடவில்லை, காவல்காரனுக்கும் முன்கூட்டியே படி அளந்துவிடுகின்றன. நட்ட இருபதாம் நாள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு மருந்தை அடித்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

மறந்த பாடம் திரும்பி வந்தது

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1999-ல் இந்தோனேசியாவின் அந்தத் தேசியத் திட்டம் முடிந்தது. கடைகளில் புதுப்புது மருந்துகள், கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள். படித்தவர்களுக்கு வயதாயிற்று, இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 2010, 2011-ல் ஜாவாவில் புகையான் திரும்பவும் பெரிய அளவில் வந்தது. அதற்கு முன்பே, புகையானுக்கு ராமபாணம் என்று கொண்டாடிய இமிடாகுளோபிரிட் மருந்துக்கும் பல ஆசிய நாடுகளில் அந்தப் பூச்சி பழகிவிட்டிருந்தது.

நம் இந்திய அரசாங்கம் 1985-லேயே ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் இருப்பது வயலுக்கு வர வேண்டும். அதற்கு நீங்கள் குனிந்து தூரைப் பார்த்தால்தான் வழி.

நாம் செய்ய வேண்டியது

நெருக்கி நடாதீர்கள். 8 முதல் 10 அடிக்கு ஒரு தடவை ஒரு அடி இடம், அதாவது பட்டம் விட்டு நடுங்கள். காற்றும் வெயிலும் அடித்தூர் வரை போக வேண்டும். இருட்டும் ஈரமும் புகையானுக்கு மாமியார் வீடு.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். கரும்பச்சையாகத் தழைத்த பயிரைத்தான் அது தேடி வரும். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். தண்ணீரையும் எப்போதும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். பூச்சி தென்பட்டால் முதல் வேலையாக மடையைத் திறந்து வடித்துவிடுங்கள்.

நட்ட முதல் 40 நாளில் இலை கொஞ்சம் கடிபட்டதைப் பார்த்துப் பதற வேண்டாம். பயிர் புது இலை விட்டு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

வாரம் ஒரு நாள் வயலின் நடுவே இறங்கி, அங்கங்கே இருபது குத்துகளை விலக்கி எண்ணுங்கள். கணக்கு இதுதான். சிலந்தியே இல்லை என்றால், ஒரு தூருக்கு ஒரு புகையான் என்பது அபாய எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். பார்த்தீர்களா, ஒரு சிலந்தி இருந்தால் எல்லையே இரண்டு மடங்கு ஆகிறது!

அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் மருந்து வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், உங்கள் வட்டார வேளாண்மை அதிகாரியைக் கேட்டு வாங்குங்கள். செயற்கை பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானைப் பெருக்கிவிடும், அவை வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டு, தூரின் அடிப்பாகம் நனைகிற மாதிரி அடியுங்கள். மேல் இலையில் அடித்தால் காசும் வீண், சிலந்தியும் சாகும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பூச்சிக் கணக்கு மட்டும் அப்படி இல்லை, அதை எண்ணிப் பார்த்தால் ஒரு மருந்துச் செலவாவது மிஞ்சும். அந்தச் செலவு மிஞ்சினால் உங்கள் வீட்டுக்கு அரிசியில் விஷமும் குறையும், வாய்க்கால் மீனும் பிழைக்கும், மருந்து அடிக்கிற கூலியாளின் நெஞ்சும் எரியாது.

வருகிற போகத்தில் நட்ட மூன்றாம் வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்குங்கள். எது எதிரி, எது காவல்காரன் என்று அவர்களுக்குக் காட்டுங்கள். ஜாவா தீவு அதைத்தான் மறந்தது. நாம் மறக்க வேண்டாம்.